நாக்கு சாரின் முழங்கால்

எல்லோர் வாயிலும் நாக்கு இருக்கிறது. ஆனால் அந்தத் தேயிலைக் கம்பெனியில் நாக்கு என்று சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் அம்மாள் வரை எல்லோரும் அவரை நாக்கு சார் என்றே அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் கிண்டலாகத் தொடங்கிய பெயர். அவருக்கே அது பிடித்துப்போனதால் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது.

அவருடைய வேலை டீ குடிப்பது. அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "குடிக்கிறதுக்கா என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க? குடிக்க எல்லாருக்கும் தெரியும். நான் துப்பறேன். எதைத் துப்பணும்னு தெரிஞ்சு துப்பறேன்" என்பார். உண்மைதான். ருசி பார்க்கும் அறையில் சுவரோடு சுவராக நீண்ட வெள்ளை மேடை. அதன்மேல் மூடிபோட்ட வெள்ளைக் கோப்பைகள், பக்கத்தில் வெள்ளைக் கிண்ணங்கள். கோப்பையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, மணியடித்ததும் சாற்றைக் கிண்ணத்தில் வடிப்பார்கள். நாக்கு சார் கையில் ஒரு கரண்டியோடு, சக்கரம் வைத்த துப்புத்தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே அந்த வரிசையோரம் நடப்பார். ஒரு கரண்டி எடுத்து, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி 'ஸ்ஸர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, தொட்டியில் துப்பி, ஒரே ஒரு சொல் சொல்வார். "சரி." அல்லது, "வேண்டாம்." அந்த ஒரு சொல்லில் ஒரு லாரி மூட்டை கிடங்குக்குள் வரும், அல்லது வந்த வழியே திரும்பிப் போகும்.

அந்த நாக்கை அவர் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். பூண்டு அறவே கிடையாது. பச்சை வெங்காயம் கிடையாது. வாசனைச் சோப்பு, பவுடர், சென்ட், தலைவலித் தைலம் எதுவும் வீட்டுப் படியேறக் கூடாது. தரை துடைக்கிற திரவத்தைக்கூட கடையிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பாட்டில்களை உள்ளே தள்ளி வைப்பார்.

கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி ஒரு நாள் எண்ணெயைக் காயவைத்து, நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிப் போய் நின்றார். வாசனை அடங்குகிற வரை உள்ளே வரவில்லை. அன்றைக்கு வெளியேறிய பூண்டு அதற்குப் பிறகு அந்தச் சமையலறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். கணவன்மார் வழக்கமாக நினைக்கிற நினைப்புதான்.

கம்பெனியில் புதிதாக யார் சேர்ந்தாலும் நாக்கு சார் கூப்பிட்டு நிறுத்திவைத்து ஒரு பாடம் எடுப்பார். "தேயிலை மாதிரி வெகுளி உலகத்துலயே கிடையாது. பக்கத்துல எதை வெச்சாலும் அதோட வாசனையை இழுத்து வயித்துக்குள்ள வெச்சுக்கும். சோப்பு மூட்டை பக்கத்துல வெச்சா டீ சோப்பா மணக்கும். பெயின்ட் டப்பா பக்கத்துல வெச்சா பெயின்ட். ஆனா மனுஷன் அப்படி இல்ல. மனுஷனுக்குள்ள ஒரு வாசனை போக ரெண்டே வாசல்தான். ஒண்ணு வாய், இன்னொண்ணு மூக்கு. ரெண்டு வாசல்லயும் காவல் போட்டுட்டா நாக்கு பத்திரம்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவரும் அந்த இரண்டு வாசலிலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார். ஆபத்து இடது முழங்கால் வழியாக வந்தது.

ஆயுள் முழுக்க சிமெண்டுத் தரையில் நின்றும் நடந்தும் செய்த வேலை. முழங்கால் முதலில் முனகியது, பிறகு வெளிப்படையாகவே கத்த ஆரம்பித்தது. நாக்கு சார் யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்பெனியில் சொன்னால் 'பாவம், உட்கார வையுங்கள்' என்பார்கள். உட்கார்ந்து ருசி பார்க்கிறவனை அவர் ருசி பார்க்கிறவனாகவே மதித்ததில்லை. வீட்டில் சொன்னால் மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், டாக்டர் தைலம் எழுதித் தருவார், தைலம் நாறும். ஆகவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்த மைத்துனன்தான் அதைக் கண்டுபிடித்தான். அவன் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் குதிரை டாக்டருக்கு உதவியாளன். நாள் முழுக்க நாலு காலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டு காலில் உள்ள கோளாறு தெரியாமல் இருக்குமா?

"என்ன மாமா, மாடிப்படியில நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறீங்க?"

"கத்தாதே மாப்ளே. உங்க அக்கா காதுல விழுந்து தொலைக்கப் போகுது."

அடுத்த ஞாயிறு வந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தான். மூடியில் ரோஜாப்பூப் படம் போட்ட பழைய முகக்கிரீம் டப்பா. உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவான ஜெல்.

"எங்க குதிரைங்களுக்குப் போடறது மாமா. பெரிய டின்னுல இருந்து கொஞ்சம் வழிச்சுட்டு வந்தேன். கால் வீங்கிப் படுத்த குதிரை மறுநாள் எழுந்து நிக்கும்."

"நான் என்ன குதிரையாடா?"

"முழங்காலுக்குத் தெரியவா போகுது, மேல யாரு இருக்காங்கன்னு?"

நாக்கு சார் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். எந்த மலையில் எந்தப் பக்கம் வெயில் பட்ட இலை என்று சொல்கிற மூக்கு அது. அதற்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வாசனையே இல்லாத மருந்து! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு மட்டும் கவனம் மாமா. தடவறதுக்கு முன்னாடி கையையும் காலையும் நல்லா கழுவிக்குங்க. தோல்ல என்ன அழுக்கு இருந்தாலும் அதையும் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போயிரும் இது. அவ்வளவு வேகம்."

நாக்கு சார் காதில் 'வேகம்' விழுந்தது. 'உள்ளே' விழவில்லை. உள்ளே என்றால் எங்கே, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டப்பாவைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய மழைக்கோட்டின் பையில் ஒளித்து வைத்தார். காலையும் மாலையும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, சொன்னபடி கழுவி, தாராளமாகப் பூசினார். முழங்கால் அதைத் தாகத்தோடு குடித்தது. இரண்டு மூன்று நாளில் படியில் நேராக இறங்கினார். தெருவில் ஒரு பந்து உருண்டு வந்தபோது அதை உதைத்தே பார்த்துவிட்டார்.

ஆனால் தடவத் தொடங்கிய மறுநாளே, திங்கட்கிழமை, முதல் பூண்டு வந்துவிட்டது. முதல் கிண்ணம், உறிஞ்சினார். பூண்டு. இரண்டாவது கிண்ணம், பூண்டு. வரிசை முழுக்கப் பூண்டு. தொட்டியில் துப்பிவிட்டு, "வேண்டாம், வேண்டாம், எதுவுமே வேண்டாம்" என்று கரண்டியை வைத்தார். மறுநாள் வந்த லாரியும் பூண்டு. அதற்கு மறுநாளும் பூண்டு. காலையில் பல் விளக்கும்போதே வாய் பூண்டாக இருந்தது. அதையும் அவர் அந்த மூட்டைகளின் தலையிலேயே கட்டினார். அந்த அளவுக்குச் சரக்கு கெட்டுப்போயிருக்கிறது, வீடு வரை தொடர்ந்து வருகிறது என்று முடிவு கட்டினார். தன் நாக்கைச் சந்தேகப்படுவது என்பது அவருக்குத் தெரியாத வித்தை.

நேராகக் கிடங்குக்குப் போனார். "யாரு இங்கே பூண்டு மூட்டை வெச்சது?"

கிடங்குக்காரர் ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். "பூண்டா? என் கிடங்குலயா?" என்று அவர் மார்பில் கை வைத்தார். நாக்கு சார் கேட்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து, கடைசியில் கிடங்குக்காரருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அதற்குள்ளும் மூக்கை விட்டார்.

"சார், இது நல்லா இல்ல. என் பொண்டாட்டி எனக்குக் கட்டிக் கொடுத்ததை நீங்க மோந்து பாக்கறீங்க."

"இதுல பூண்டு இருக்கு!"

"இருக்கும். நான் தினமும் சாப்பிடறவன். ஆனா வெளியே காவலாளி ரூம்லதானே வெச்சு சாப்பிடறேன்? தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வாயைத் திறந்தாத்தான் இங்கே பூண்டு வாசனையே வருது."

தொழிலில் இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நாக்கு சார் முகம் சிவந்து வெளியே வந்தார். நாளெல்லாம் கெட்ட டீயை உறிஞ்சுகிறவன் வாயில் கெட்ட டீ வாசனை வராமல் மல்லிகை வாசனையா வரும்?

லாரிகள் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன. மேனேஜர் அம்மாள் அவரைக் கூப்பிட்டாள். நியாயமானவள், சத்தம் போடமாட்டாள். அதனாலேயே அவளிடம் எல்லோருக்கும் பயம்.

"சார், நானே குடிச்சுப் பார்த்தேன். எனக்கு டீ டீயாத்தான் இருக்கு."

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும் மேடம். அதனாலதான் நான் இருக்கேன்."

"கடைகளுக்கு அனுப்பச் சரக்கு இல்ல சார். வெள்ளிக்கிழமை வெளியில இருந்து ஒரு டேஸ்டரை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே வரிசையைப் பாருங்க. அவரும் பூண்டுன்னு சொன்னா கிடங்கையே இடிச்சுக் கட்டிடறேன். இல்லேன்னா..." அவள் மேஜைமேல் இருந்த டீ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பேக்கிங்ல ஒரு வேலை காலியா இருக்கு. பாக்கெட் ஒட்டியிருக்கான்னு பாக்கணும். உக்காந்துக்கிட்டே செய்யலாம்."

உட்கார்ந்துகொண்டே! நாக்கு சாருக்கு வேறு ஒன்றும் தெரியாது. பாட்டுத் தெரியாது, கணக்குத் தெரியாது, நாலு பேர் நடுவே சிரிக்கச் சிரிக்கப் பேசத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு நாக்கு. அதுவும் போய்விட்டால் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

வீட்டிலும் நிலைமை சரியில்லை. கதவைத் திறந்த மனைவி, அவர் "அப்பாடா" என்று மூச்சு விட்டதும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தாள். அவரே கிண்ணத்தின்மேல் குனிகிற மாதிரி அவர் முகத்தருகே குனிந்தாள்.

"எங்க சாப்பிட்டீங்க?"

"நீ கட்டிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன்."

"பூண்டு வாசனை வருது."

"உனக்கும் தெரியுதா?" நாக்கு சார் துள்ளிக் குதித்தார். உலகத்தில் ஒரு ஆளாவது தன் பக்கம்! "பாத்தியா? நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான். சட்டையெல்லாம் ஒட்டிக்கிச்சு பாரு!"

வாயில் பூண்டோடு அகப்பட்ட கணவன் சந்தோஷத்தில் குதித்தால் மனைவி என்ன நினைப்பாள்? அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு இல்லை. நாக்கு சாருக்கு எல்லாமே பூண்டாக இருந்ததால் உப்பு இல்லாததே தெரியவில்லை. அது அவளுடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. வெளியே வயிறு நிறைய ருசியாகச் சாப்பிட்டு வருகிறவனுக்கு வீட்டில் உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

வியாழக்கிழமை மாலை அவள் கேட்டேவிட்டாள். "யாரு சமைச்சுப் போடறா?"

"என்னது?"

"யாரோ சமைச்சுப் போடறா இல்ல, பூண்டு போட்டு? அது யாருன்னு கேக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நானே நாளைக்கு வேலை இருக்குமா போகுமான்னு உக்காந்திருக்கேன்!" என்று அவர் கத்தினார். பிறகு முழங்காலைத் தேய்க்கக் குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். தாழ்போடுகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு பூசிக்கொண்டு கிளம்பினார். கால் பஞ்சாக இருந்தது. அவசரத்தில் மழைக்கோட்டை ஆணியில் சரியாக மாட்டவில்லை.

வெளியிலிருந்து வந்த டேஸ்டர் ஒல்லியாக, துவைத்து மடித்த மாதிரி இருந்தார். சொந்தக் கரண்டியை ஒரு வெல்வெட் உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாக்கு சார் உறிஞ்சினால் தெருவுக்குக் கேட்கும். இவர் உறிஞ்சியது புல்லாங்குழலில் ஊதத் தொடங்குகிற மாதிரி மெல்லிசாக இருந்தது. மேனேஜர் அம்மாள் ஒரு பக்கம் நின்றாள். கிடங்குக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார், இது தன் மானப் பிரச்சினை என்பது போல.

முதல் கிண்ணம். நாக்கு சார் உறிஞ்சித் துப்பினார். "பூண்டு."

வந்தவர் உறிஞ்சித் துப்பினார். "சுத்தமா இருக்கு. நல்ல சரக்கு."

இரண்டாவது. "பூண்டு." "சுத்தம்."

மூன்றாவது கிண்ணத்தில் நாக்கு சார் டீயை வாய்க்குள் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். துப்பவில்லை. பூண்டுக்குப் பின்னால் எங்கோ டீ இருக்கிறதா என்று தேடினார். கதவைச் சாத்திய வீட்டுக்குள் யாரோ பேசுவது போல ஏதோ இருந்தது, என்னவென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, போனது டீ இல்லை, தன் நாக்குதானோ என்று தோன்றியது. கடைசியில் தொட்டியில் துப்பினார். 'பூண்டு' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

வந்தவர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "மன்னிக்கணும் சார். நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஒரு டேஸ்டரைப் பார்த்து இன்னொரு டேஸ்டர் கேட்கக் கூடாத கேள்வி அது.

"நான் பூண்டைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார் நாக்கு சார். குரல் எழும்பவில்லை. வாயைத் திறக்கத் திறக்க வாசனைதான் எழும்பியது.

"சார்" என்றாள் மேனேஜர் அம்மாள் மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதில் இருந்தது பரிதாபம்.

அப்போது வெளியே காவலாளி "அம்மா, அம்மா, உள்ளே போகக் கூடாது" என்று கெஞ்சுவது கேட்டது. கதவு திறந்தது. கிடங்குக்காரர் தானாகவே ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே வந்தது நாக்கு சாரின் மனைவி. வீட்டுச் செருப்பு, சீவாத தலை, கையில் ரோஜாப்பூ டப்பா.

நாக்கு சாருக்குப் பேயறைந்த மாதிரி ஆனது.

"இவர் பூண்டு சாப்பிடலை" என்றாள் அவள் மூச்சு வாங்க. "இவரோட முழங்கால்தான் சாப்பிட்டிருக்கு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் டப்பாவை மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள். காலையில் மழைக்கோட்டு கீழே விழுந்து கிடந்ததாம். எடுத்து உதறினால் இந்த டப்பா உருண்டதாம். "மூஞ்சிக்குப் பூசற கிரீம், ஒளிச்சு வெச்சிருக்காரு. நான் வேற யாருக்கோன்னு நினைச்சேன் மேடம். பொய் சொல்வானேன்? பாத்திரம் தேய்ச்சு என் கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, அவளுக்கு மட்டும் கிரீமான்னு ஆத்திரம். பாத்திரம் தேய்ச்ச கையை நல்லா கழுவிட்டு, ரெண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் பூசி டப்பாவைக் காலி பண்ணிடலாம்னு ஆரம்பிச்சேன். பாதிகூட ஆகலை. வாய்க்குள்ள பூண்டு வந்துருச்சு. காலையில இருந்து நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை!"

"அப்புறம்?" என்றார் கிடங்குக்காரர், கதை கேட்கிற குழந்தை மாதிரி.

"கையில பூசினது வாய்க்கு வருதுன்னா இது கிரீம் இல்ல, ஏதோ மருந்து. எங்க வீட்டுல மருந்தோட புழங்கறவன் ஒருத்தன்தான், குதிரை டாக்டர்கிட்ட இருக்கற என் தம்பி. தம்பிக்குப் போன் போட்டேன். 'ஆமாக்கா, மாமா முழங்கால் வலிக்கு நான்தான் கொடுத்தேன், அதைத் தடவினா குதிரை வாயெல்லாம் பூண்டு மாதிரிதான் நாறும், அது தோல் வழியா ரத்தத்துல போயி மூச்சுல வரும்'ங்கறான். ஏண்டா மாமாகிட்ட சொல்லலைன்னு கேட்டா, 'இதுவரைக்கும் எந்தக் குதிரையும் புகார் பண்ணலையேக்கா'ங்கறான்."

வெல்வெட் உறைக்காரர் சிரித்தார். "அம்மா, முழங்கால் எங்கே இருக்கு, நாக்கு எங்கே இருக்கு? தோல்ங்கறது ரெயின்கோட்டு மாதிரி. மேல பட்டது மேலயே நிக்கும்."

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அவள்.

அவர் மேனேஜர் அம்மாளைப் பார்த்தார். மேனேஜர் அம்மாள் ஏற்கெனவே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எதையும் தானே செய்து பார்க்காமல் நம்பாதவள். வேறு வழியின்றி வந்தவரும் கழுவினார். கரண்டி பிடித்துப் பிடித்துத் தன் மணிக்கட்டும் கொஞ்ச நாளாக வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அதில் நன்றாகப் பூசிக்கொண்டார். கிடங்குக்காரர் யாரும் கூப்பிடாமலே கையைக் கழுவி, சட்டையைத் தூக்கி இடுப்பில் வாங்கிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் நின்றார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாயை மெல்லச் சப்புக்கொட்டிக்கொண்டு. கிண்ணங்களில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் கிடங்குக்காரர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு எப்பவும் அதுதானே" என்றாள் மேனேஜர் அம்மாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் பெரிதாகியது. "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். "வந்துருச்சு. வந்துருச்சு சார்!"

வெல்வெட் உறைக்காரர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. ஒரு கிண்ணத்துக்கு ஓடினார், உறிஞ்சினார். இந்த முறை புல்லாங்குழல் இல்லை, சாதாரண மனுஷன் பதறிக் குடிக்கிற சத்தம். "இதுலயும் பூண்டு!" அடுத்த கிண்ணம். "இதுலயும்!"

"நான் சொன்னேன் இல்ல?" என்றார் நாக்கு சார். அன்றைக்கு அவர் சந்தோஷமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"இது எப்பய்யா போகும்? மத்தியானம் எனக்கு வேற கம்பெனியில வேலை இருக்கு!"

"தம்பி ரெண்டு மூணு நாள்ங்கறான்" என்றாள் மனைவி. "குதிரைக்கு."

கிடங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இடுப்பு வலிக்கவில்லை என்று கண்டுபிடித்து இன்னும் பலமாகச் சிரித்தார். மேனேஜர் அம்மாளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடக்கிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணு சொல்லுங்கம்மா. வாய்க்குள்ள ஏதோ வந்ததும் அது பூண்டுதான்னு எப்படி அவ்வளவு உறுதியா ஓடி வந்தீங்க?"

"அது எப்படி மேடம் மறக்கும்?" என்றாள் அவள். "எங்க அம்மா வீட்டுல சுட்ட பூண்டுன்னா எனக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது. இன்னைக்கு வாயில அது வந்ததும் அடுப்படியிலயே கால் நீட்டி உக்காந்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டு அப்படியே இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இவர் ஞாபகமே வந்தது. அதான் வர நேரமாயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாக்கு சார் மட்டும் சிரிக்கவில்லை. எந்த மலை, எந்தப் பக்கத்து வெயில் என்று சொல்கிறவர் அவர். தன் வீட்டு அடுப்படியில் இத்தனை வருடம் என்ன இல்லாமல் இருந்தது என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலை போகப் போகிறது என்று நினைத்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஜெல் நின்றது, பூண்டும் போயிற்று. அடுத்த வாரம் அதே வரிசையை அவர் மறுபடி உறிஞ்சி, "சரி, சரி, இதோ இது மட்டும் கொஞ்சம் ஈரம் பட்டிருக்கு, வேண்டாம்" என்றபோது கிடங்குக்காரர் கை தட்டினார். ஜெல் நின்றதும் முழங்கால் வலி பழையபடி வந்தது. மேனேஜர் அம்மாள் யாரும் கேட்காமலே ஒரு உயரமான ஸ்டூலுக்குச் சக்கரம் மாட்டிக் கொடுத்தாள். முதல் நாள் நாக்கு சார் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி உட்கார்ந்தார். இப்போது அவரும் துப்புத்தொட்டியும் ஒன்றாகவே உருண்டு போகிறார்கள். மருந்தின் மிச்சம் குதிரைகளுக்கே போய்விட்டது.

அந்த வாரச் சனிக்கிழமை மாலை அவர் கடையிலிருந்து ஒரு பையை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைச் சமையலறை மேடையில் வைத்தார். முழுசாக அரைக் கிலோ பூண்டு.

அவள் பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "இது என்ன?"

"நாளைக்கு லீவு. இன்னைக்குச் சுட்டுச் சாப்பிடு. இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"உங்க நாக்கு?"

"நாக்கு வெளியே போய் நிக்கும்."

தெருவில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். சமையலறை ஜன்னலிலிருந்து வாசனை அவரைத் தேடிக்கொண்டு வந்தது. கைக்குட்டையை எடுத்தார், பிறகு பையிலேயே வைத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "என்ன சார், வெளியே நிக்கறீங்க? வீட்டுல யாராவது வந்திருக்காங்களா?"

"ஆமா" என்றார் நாக்கு சார். "அவளுக்கு ரொம்ப வேண்டியவங்க. என்னாலதான் இத்தனை வருஷமா வராம இருந்தாங்க."

ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. வாய் நிறைய இருந்ததால் பேச்சு குழறியது. "கால் வலிக்குதா? இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்!"

"ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வலிக்காத காலுக்கு மாறி நின்றுகொண்டார்.